ரிசல்ட்டுக்கும் கடிதத்துக்கும் நடுவில்

ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சை ரிசல்ட் வந்து ஒரு கிழமை போக முன்னமே சொந்தக்காரரில் பாதிப் பேருக்கு என் நம்பர் ஞாபகம் வந்துவிடும். மற்ற நாட்களில் பிரஷர் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னம் குடிக்கிறதா பின்னம் குடிக்கிறதா என்று கேட்கத்தான் எடுப்பார்கள். ரிசல்ட் காலத்தில் கேள்வி இசட் ஸ்கோருக்கு, அதாவது கம்பஸ் தெரிவுக்குப் பார்க்கிற புள்ளிக்கு, மாறும். "மகளுக்கு மெடிசினுக்கு இசட் ஸ்கோர் காணாதாம். சும்மா வீட்ட இருக்காம நேர்சிங்குக்குப் போடச் சொல்லட்டாகா?"

முன்பெல்லாம் இதைக் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது கேட்கிறவர் யாரென்று பார்க்கிறேன். வெள்ளாமைக் காசிலும் அடகு வைத்த நகையிலும் மூன்று பாடத்துக்கு டியூசன் கட்டி, விடியக்காலமை பிள்ளையை பஸ் ஏற்றிவிட்ட தகப்பன். பயோ படித்தால் மெடிசின் என்பதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடம் சொல்வதில்லை. டியூசன் சேர் சொல்லவே மாட்டார். அவருடைய பேனரில் மெடிசின் போன பிள்ளைகளின் படத்துக்கு மட்டும்தான் இடம். அதனால் போனில் துண்டு துண்டாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நான் களுதாவளைக்காரி. வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைகிற மணல் ஊர். மட்டக்களப்பில் உள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, இப்போது அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வாட்டில் நிற்கிறேன். எழுதுவதெல்லாம் அந்த வாட்டிலிருந்து பார்த்தபடிதான்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். மெடிசினில் மிச்சம் பிடித்துச் செய்த படிப்பு இல்லை இது. டொக்டர் ரவுண்ட் வருவார், கட்டிலடியில் நிற்பார், முடிவெடுப்பார், போவார். அவர் போன பிறகு அந்தக் கட்டிலோடு கிடப்பது நாங்கள். காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணிவரை ஒரு டியூட்டி, ஒரு மணியிலிருந்து ஏழு மணிவரை இன்னொன்று, இரவு என்றால் ஏழிலிருந்து மறுநாள் ஏழு. மூச்சு மாறுவதை, மூத்திரம் குறைவதை, நேற்று வாட்டையே கலகலப்பாக்கிய கிழவர் இன்றைக்குச் சுவரைப் பார்த்துக் கிடப்பதை முதலில் காண்பது நாங்கள்தான். மெடிசின் கிடைக்காத கவலையைச் சுமந்துகொண்டு வருகிற பிள்ளை முதல் வருஷம் முழுக்க டொக்டரின் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சிலருக்கு ஒருநாள் அது மறந்துபோகும். சிலருக்குக் கடைசிவரை மறக்காது. அப்படிப்பட்டவர்களோடு இரவு டியூட்டி செய்வது பெரிய கரைச்சல்.

சரி, வழிகளுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் கூடுதலான பேர் வருவது பயிற்சிக் கல்லூரி வழியாக. கொழும்பில் 1939 இல் தாதியருக்கென்று பள்ளி தொடங்கியதிலிருந்து வருகிற வழி. சுகாதார அமைச்சு நடத்துகிறது. கிழக்கில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கல்லூரிகள் உண்டு. ஆனால் சொந்த மாவட்டத்திலேயே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். வேறு மாகாணத்துக்கும் அனுப்பலாம். மூன்று வருஷப் படிப்பு. படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை, மாதாமாதம் ஒரு கொடுப்பனவு வேறு தருவார்கள். இதைக் கேட்டுவிட்டு ஒரு தகப்பன், "காசும் தந்து படிப்பும் தாறாங்க எண்டா இதில என்னமோ இருக்கு மகள்" என்றார். இருக்கத்தான் செய்கிறது. படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் அரசாங்க சேவையில் இருப்பேன் என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும். இடையில் விட்டுப் போனால் காசு திருப்பிக் கட்ட நேரும். பிணை நிற்க ஆள் தேடுவதே சில வீடுகளில் ஒரு கதை.

ஏ.எல். இல் விஞ்ஞானப் பாடங்கள் மூன்றிலும் சித்தி வேண்டும். பயோ படித்த பிள்ளைதான் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கணிதப் பிரிவுப் பிள்ளையும் போடலாம். கலைப்பிரிவுக்கு வழமையாக இந்த வழி இல்லை. ஓ.எல். என்கிற சாதாரண தரப் பெறுபேறும் பார்ப்பார்கள். ஓ.எல். இங்கிலிஷைக் கோட்டை விட்டுவிட்டு ஏ.எல். இல் நல்ல ரிசல்ட் எடுத்த பிள்ளைகள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். வயதெல்லை உண்டு, உயரம் பார்ப்பார்கள், மருத்துவப் பரிசோதனை உண்டு. இதெல்லாம் வர்த்தமானியில், அதாவது அரசாங்க கெசட்டில், வரும், தவணைக்குத் தவணை சின்னச் சின்ன மாற்றமும் வரும். அதனால் பேஸ்புக்கில் யாரோ போட்ட படத்தைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பாமல் வர்த்தமானியை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசியுங்கள்.

அடுத்தது கம்பஸ். தாதியத்தில் நான்கு வருஷப் பட்டம். இலங்கையில் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. எங்களுக்கு வெளியில் தேடத் தேவையில்லை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே மெடிசினோடு தாதியப் பட்டத்தையும் தருகிறது. பயோ, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மூன்றும் சித்தியடைந்திருக்க வேண்டும். தெரிவு இசட் ஸ்கோர்படி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பம் வழியாக. எங்கள் பிள்ளைகள் தவறவிடுகிற இடமும் அந்த விண்ணப்பம்தான். மெடிசின், பல் வைத்தியம், ஆயுர்வேதம், சித்த மருத்துவம், விவசாயம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போய், தாதியத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். கேட்டால் "அது கெசட்டில வருமே" என்பார்கள். கெசட்டில் வருவது பயிற்சிக் கல்லூரி. கம்பஸ் வேறு.

இரண்டில் எது நல்லது என்று கேட்காத ஆள் இல்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். கம்பஸிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஏன் என்ற கேள்வி நன்றாக வரும். எழுதுவாள், ஆராய்ச்சிக் கட்டுரையை வாசித்து விளங்கிக்கொள்வாள், பின்னாளில் விரிவுரையாளராகப் போக வழியும் இருக்கிறது. பயிற்சிக் கல்லூரிப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே கை ஓடும். நெரிசலான மெடிக்கல் வாட்டில் நிலத்தில் பாய் போட்டுக் கிடக்கிற நோயாளிக்கும் சேலைன் ஏற்றி, அட்டெண்டனைக் கூப்பிட்டு, வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டருக்குப் பதில் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு மூச்சில் செய்துவிடுவாள். கொஞ்சக் காலம் போனால் வெள்ளைச் சட்டைக்குள் யார் எங்கே படித்தது என்று நோயாளிக்கு மட்டுமில்லை, எங்களுக்கே தெரியாது. டிப்ளோமா முடித்தவர்கள் வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டம் எடுக்கலாம். என்னோடு படித்த பலர் அப்படித்தான் எடுத்தார்கள், நைட் டியூட்டி முடித்துக் கண் எரிய எரிய. ஆகவே கல்லூரி கிடைத்தால் கம்பஸ் போயிற்றே என்று அழ ஒன்றும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைத்தால் நான் கம்பஸுக்குத்தான் அனுப்புவேன். வீட்டில் உடனே காசு தேவை என்றால் கல்லூரிக்கு.

இந்தக் கணக்கெல்லாம் கடிதம் கையில் வந்த பிறகு. எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவது அதற்கு முன்னால் இருக்கிற காலத்தில்.

வர்த்தமானி ஒவ்வொரு வருஷமும் சொல்லிவைத்தாற்போல வருவதில்லை. சில வேளை இரண்டு மூன்று ஏ.எல். பிரிவுகளைச் சேர்த்து ஒன்றாகக் கூப்பிடுவார்கள். விண்ணப்பம் போட்ட பிறகு நேர்முகத் தேர்வு, அதற்குப் பிறகு பட்டியல், அதற்குப் பிறகு கல்லூரியில் இடம் ஒழிய வேண்டும். பத்தொன்பது வயதில் பரீட்சை எழுதிய பிள்ளை கல்லூரிக்குள் காலடி வைக்க இருபத்திரண்டும் ஆகலாம். இந்தக் காலத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோயில் திருவிழாவில் ஒருவர் விடாமல் "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்பார்கள். தாய்க்கு வெட்கம். தகப்பனுக்குச் சந்தேகம், மகள் பொய் சொல்கிறாளோ என்று. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு நோட்டீஸ் வரும். ஆறு மாதத்தில் நேர்சிங் டிப்ளோமா, வெள்ளைச் சீருடை இலவசம், வெளிநாட்டு வேலை உறுதி.

என் சொந்தத்தில் ஒரு பிள்ளை அப்படி ஓரிடத்தில் சேர்ந்தாள். பேரைச் சொல்ல விரும்பவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிய காசு. வகுப்பு நடந்தது, உடம்புக்கூறு சொல்லிக்கொடுத்தார்கள், பொம்மைக் கையில் ஊசி குத்தப் பழக்கினார்கள், பட்டமளிப்பு விழாவும் நடந்தது. அழகான படம், சட்டம் போட்டு வீட்டு முன்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழைக் கொண்டு அவளால் தாதியாகப் பதிய முடியவில்லை. தனியார் கிளினிக் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது, சம்பளம் அவள் பஸ் காசுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சரி. மூன்று பாடமும் பாஸான பிள்ளை அவள். பொறுத்திருந்தால் கடிதம் வந்திருக்கும். வந்தும் இருந்தது, கட்டிய காசு போய்விடுமே என்று வீட்டில் அனுப்பவில்லை.

அதனால் எந்தக் கோர்ஸைப் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: முடித்தபின் இலங்கை தாதியர் பேரவை பதியுமா? 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது அந்தப் பேரவை. அங்கே பதிந்தவர்தான் தாதி. பயிற்சிக் கல்லூரியில் படித்தவரும் பதிய வேண்டும், கம்பஸில் படித்தவரும் பதிய வேண்டும். தனியாரில் எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை, தரமான பயிற்சி தருகிற இடங்களும் இருக்கின்றன. ஆனால் கவுண்டரில் சிரித்த முகத்தோடு இருக்கிற பிள்ளை சொல்வதைக் கேட்டுக் காசைக் கட்டாதீர்கள். பேரவையிடமே நேராகக் கேளுங்கள். வாட்டுப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம் என்றும் கேளுங்கள். வாட்டுக்குப் போகாமல் தாதியம் படிப்பது கரையில் நின்று நீச்சல் பழகுவது மாதிரி.

பராமரிப்பாளர் பயிற்சி வேறு வகை. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு தருகிறார்கள், ஏ.எல். கைவிட்ட பிள்ளைகளுக்கும் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கும் அது நல்ல தொழில். வயதானவர்களைக் குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் போடத் தெரிந்த ஆளுக்கு உள்ளூரிலும் தேவை இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது. அதைப் பராமரிப்பாளர் வேலை என்று தெரிந்துகொண்டு படித்தால் வில்லங்கம் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி, குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் மிஸ்ஸி என்போமே, அவர்தான். பதினெட்டு மாதப் பயிற்சி, தனி வர்த்தமானி. சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் பார்க்கிற வேலை. சுழற்சி நைட் டியூட்டி இல்லை, ஆனால் ஊர் முழுக்க உங்கள் நம்பர் இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள படுவான்கரையில் வேலை செய்கிற ஒரு மிஸ்ஸியோடு ஒருநாள் போனேன். ஒரு வீட்டில் பிள்ளையின் நிறை அட்டையைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய் சட்டி பானையைத் திறந்து பார்த்தார். வாட்டில் நிற்கிற என்னால் ஒருநாளும் அப்படிப் பார்க்க முடியாது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

காத்திருக்கிற காலத்தில் என்ன செய்யலாம்? மூன்று வேலை இருக்கிறது. இங்கிலிஷ், சிங்களம், வீட்டில் ஒரு நோயாளி இருந்தால் அவரைப் பார்த்தல். கம்பஸில் படிப்பு இங்கிலிஷில்தான். கல்லூரியிலும் பாடப் புத்தகம் இங்கிலிஷ், நோயாளியின் விபரமெல்லாம் எழுதுகிற பெட் ஹெட் டிக்கெட்டில் டொக்டர் எழுதுவதும் இங்கிலிஷ். சிங்களம் ஏன் என்று கேட்பார்கள். முதல் நியமனம் நீங்கள் கேள்விப்படாத ஊரில் கிடைக்கலாம். அங்கே ஒரு கிழவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது "கொஹேத ரிதென்னே", எங்கே நோகுது என்று, கேட்கத் தெரிய வேண்டும். மட்டக்களப்பில் வேலை கிடைத்தாலும் அதே கதைதான், திரும்பி நின்று கேட்க வேண்டும்: சிங்கள டொக்டர் ஒருபக்கம், வாகரையிலிருந்து வந்த அப்பு மறுபக்கம், நடுவில் நீங்கள். அப்பு "உள்ளுக்க ஒரு மாதிரி எரியிது" என்பார். எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது, சாப்பிட்டபின்பா, மூத்திரம் போகும்போதா என்று கேட்டுப் பிரித்தெடுத்து டொக்டருக்குச் சொல்வது எங்கள் பாட்டில் வருகிற வேலை. எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்குத் தனி மணித்தியாலம் கிடையாது.

கல்லூரிக்குள் என்ன படிப்பிக்கிறார்கள்? உடம்புக்கூறு, உடற்றொழிலியல், நுண்ணுயிர், மருந்து, உளவியல் என்று பாடங்கள் ஒருபக்கம். அவற்றை மனனம் பண்ணலாம், எங்கள் பிள்ளைகள் அதில் சூரர். சிரமம் சின்ன வேலைகளில்தான். கட்டில் விரிப்பை மூலை மடித்து இறுக்கிப் போட வேண்டும், சுருக்கம் ஒன்று இருந்தாலும் சிஸ்டர் உருவி எறிந்துவிடுவார். முதலில் பவுசு பார்க்கிறார் என்று நினைப்போம். அந்தச் சுருக்கத்தின் மேல் அசையாமல் கிடக்கிற நோயாளியின் முதுகில் புண் வெடித்ததைப் பார்த்தால்தான் விளங்கும். மூச்சு எண்ணுவதும் அப்படி. எண்ணுகிறேன் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கண்ணை நெஞ்சில் வைத்து எண்ண வேண்டும். குளிசை கொடுக்கும்போது "நீங்கதானே கணபதிப்பிள்ளை?" என்று கேட்கக் கூடாது. காது கேளாத கிழவர் எதற்கும் ஓம் என்றுதான் தலையாட்டுவார். "பேர் என்ன ஐயா?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்லவைத்து, டிக்கெட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். எங்கள் வாட்டுகளில் ஒரே நேரம் இரண்டு கணபதிப்பிள்ளையும் மூன்று முகம்மதுவும் கிடப்பது புதினமே இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில், வெள்ளாமை வெட்டு நேரம். வட்டைக்குள், அதாவது வயலுக்குள், வேலை செய்துகொண்டிருந்த ஒருவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுவந்தார்கள். கணுக்காலில் கடி, முழங்காலுக்குக் கீழே சாரத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. பாம்பைக் கண்டவர் கண்ணாடி விரியன் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். டொக்டர் கட்டைப் பார்த்துவிட்டு இரத்தம் எடுத்தார். சிஸ்டர் என்னைப் பார்த்து, "கண்ணாடிக் குழாய், புதுசு, எடுங்க" என்றார். பிளாஸ்டிக் குழாய் கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தது, அது உதவாது. இரத்தம் உறையத் தூண்டுவதே கண்ணாடிச் சுவர்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் பிழையான முடிவு காட்டும். இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தை அதில் விட்டு, தாங்கியில் நிறுத்தி, நேரத்தை எழுதினோம். இனி இருபது நிமிஷம் அதைத் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது.

இருபது நிமிஷம் என்பது சும்மா இருக்கிறவனுக்குச் சின்ன நேரம். அந்த மனிசனின் பெண்சாதி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றா. தம்பிக்காரன் என்னிடம் சத்தம் போட்டான்: "என்ன மிஸ்ஸி, குழாயப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, மருந்தப் போடுங்கவன்!" எனக்குப் பதில் வரவில்லை. சிஸ்டர் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "தம்பி, எல்லாக் கடிக்கும் அந்த மருந்து போடுறல்ல. தேவையில்லாமப் போட்டா மருந்தே ஆளைக் கெடுக்கலாம். உங்கட அண்ணன்ட இரத்தம் உறையிதா இல்லையா எண்டு இந்தக் குழாய் சொல்லும். அதுமட்டும் நாங்க அவரை விட்டுப் போக மாட்டம்" என்றார். சொல்லிக்கொண்டே அவர் கை பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தது, கண் இமை சோர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நேரம் வந்ததும் குழாயை ஒருமுறை சரித்தோம். உறைந்திருந்தால் கட்டியாக நிற்க வேண்டும். தண்ணியாக ஓடியது. அதற்குப் பிறகு வாட்டில் ஒரே ஓட்டம். விஷமுறிவு மருந்தைக் கரைத்தோம், ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலினை எடுத்துத் தயாராக வைத்தோம், சேலைன் ஏறத் தொடங்கியதும் நான் தலைமாட்டிலேயே நின்றேன். ஆள் பிழைத்துக்கொண்டார். சரியாகக் கழுவாத கடிகாயத்தைப் பற்றி முறைப்பாடும் சொன்னார்.

குழாய்ச் சோதனையைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் வாசிக்கலாம். சத்தம் போடுகிற தம்பிக்காரனிடம் அப்படிப் பேசுவதை அந்த சிஸ்டர் பக்கத்தில் நின்றுதான் படித்தேன். பயிற்சிக்காக மூன்று வருஷம் கேட்பது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஆறு மாத டிப்ளோமாக்காரர்களால் இதை எங்கே கொடுக்க முடியும்?

இனி கலியாணக் கதை. தவிர்க்க முடியாது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அரசாங்க உத்தியோகம் பார்க்கிற பெண் என்றால் பேசி வருகிறவர்கள் கூடுவார்கள், நேர்ஸ் என்று கேட்டதும் அதில் சிலர் நைட் டியூட்டியைச் சொல்லி இழுப்பார்கள். சம்பளம் வேண்டும், இரவு வேலை வேண்டாம். முதல் நியமனம் தூரத்தில் விழுந்தால் இன்னும் வேடிக்கை: மகளுக்கென்று கட்டின வீடு களுதாவளையில் பூட்டிக் கிடக்கும், மகள் எங்கேயோ விடுதியில் இருப்பாள். மாற்றம் எடுத்து ஊருக்கு வரக் காலம் பிடிக்கும். இதைத் தாய் தகப்பனோடு முதலிலேயே பேசிவிட வேண்டும். முஸ்லிம் ஊர்களில் சீருடையும் சேர்ந்து பேச்சில் வரும். மருதமுனையிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் வாப்பா ஒரு வருஷம் சம்மதிக்கவில்லை. கடைசியில் அவருடைய உம்மாவே, "பொண்ணுக்கு ஊசி போட ஒரு பொண்ணு வேணும் எண்டு நீதானே ஆஸ்பத்திரியில சண்டை போட்ட? மறுகா எங்கிருந்து வருவாளாம்?" என்று கேட்டு வாயை மூடிவிட்டாராம். பிள்ளை இப்போது சிஸ்டர் வாயில் நல்ல பெயர் எடுத்த ஆள்.

ஆண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். கூட்டாளிமார் நக்கலடிப்பார்கள், அவ்வளவுதான். விபத்துப் பிரிவிலும் ஆண்கள் வாட்டிலும் ஒரு ஆண் தாதி இருந்தால் எங்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று நக்கலடிக்கிறவர்களுக்குத் தெரியாது.

வேலையில் சேர்ந்தபின் படிப்பு நிற்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு, மகப்பேறு என்று தனிப் பயிற்சிகள் உண்டு. கொழும்பில் உள்ள போஸ்ட் பேசிக் தாதியர் கல்லூரியில் முகாமைத்துவமோ கற்பித்தலோ படித்து சிஸ்டராகவோ ஆசிரியராகவோ வரலாம். சேவையில் மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம், அதற்கு மேல் விசேட தரம்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. 2022 நெருக்கடிக்குப் பிறகு அரசாங்க ஊழியர் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து வருஷம்வரை வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்று விட்டதும் வாட்டில் ஆள் குறைந்தது, போனவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பிரித்தானியா போக ஐ.ஈ.எல்.டி.எஸ். என்கிற இங்கிலிஷ் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சுக்கு ஏழும் எழுத்துக்கு ஆறரையும் வேண்டும்; அல்லது ஓ.ஈ.டி. எழுதலாம், அது மருத்துவத் தொழிலாளருக்கென்றே உள்ள பரீட்சை. அதற்குப் பிறகு கணினியில் ஒரு தேர்வு, அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் புரொமெட்ரிக் என்கிற கணினிப் பரீட்சையும். எங்கே போவதென்றாலும் முதலில் கேட்பது உங்கள் நாட்டுப் பேரவையின் பதிவைத்தான். ஏஜென்சிக்காரர் கூப்பிட்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 க்கு அழைத்து அவருடைய அனுமதிப்பத்திர இலக்கம் சரியா என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

கடைசியாகக் கடதாசி வேலை. நேர்முகத் தேர்வில் மூலப் பத்திரங்களைக் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஏ.எல். சான்றிதழில் இன்னொரு எழுத்து என்று எங்கள் பேர்கள் இங்கிலிஷில் மூன்று விதமாகக் கிடக்கும். தாய் தகப்பனின் விவாகப் பதிவு சுனாமியோடு போன வீடுகளும் உண்டு. திருத்தம் எடுப்பதற்குப் பிரதேச செயலகத்துக்கும் பதிவாளரிடமும் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். கூப்பிடுகிற கடிதம் விண்ணப்பத்தில் எழுதிய விலாசத்துக்குத்தான் வரும். டியூசனுக்காக டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளை அந்த அறை விலாசத்தைப் போடாமல் ஊர் விலாசத்தைப் போடட்டும், கிராம சேவகரிடமும் தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும். அமைச்சின் இணையதளத்தில் பட்டியல் வெளியாகும்போது பெயரை மட்டும் தேடாமல் அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்துத் தேடுங்கள்.